பதினொன்றாவது பாட்டின் வெட்டு

ஆறு பத்துக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். போர்வையை மடித்தான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டான். குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கினான். துலக்கும்போது இடது கையில் போன், போனில் விமர்சனங்கள். தண்ணீர் கொதித்து கெட்டில் தானாக அணைந்தது. டீ போட்டான், குடித்தான், கோப்பையைக் கழுவினான். இரண்டு முட்டை அவித்தான். ஒன்றைத் தின்றான், மற்றதை மதியத்துக்கு டப்பாவில் வைத்தான். சட்டையைத் தேய்த்தான். ஏழரைக்குக் கதவைப் பூட்டினான். பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

ஐந்து மாதமாக இதில் மாறிக்கொண்டிருந்தது விமர்சனங்கள் மட்டும்தான்.

அன்றைக்கு வந்தது ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதியது. நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் ஆல்பத்தின் கடைசியில் வரும் அந்த வெட்டைப் பற்றி. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து முடித்தான். “இயந்திரம் மனிதனிடமிருந்து கடைசியாகப் பறிப்பது அவன் வாக்கியத்தின் மீதியை” என்று ஒரு வரி இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டான்.

அவன் தொழில் ஒலிக்கலவை. பாடுகிறவர்கள் பாடிவிட்டுப் போய்விடுவார்கள். கிட்டாரை எவ்வளவு தூக்கலாம், டிரம்ஸை எவ்வளவு அடக்கலாம், குரலில் எந்த இரைச்சலைத் துடைக்கலாம் என்று அதற்கப்புறம் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்கிறவன் அவன். ஆல்பம் அவன் மனைவியின் குழுவுடையது. அவள் எழுதினாள், பாடினாள், கிட்டார் வாசித்தாள். அவள் தம்பி டிரம்ஸ். கூட இன்னும் இரண்டு பேர். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லை. சனி, ஞாயிறுகளில் கூடி, அவன் ஸ்டுடியோவில் பதிவு செய்து, தாங்களே வெளியிடுகிற ராக் குழு.

அவள் பகலில் இணைய இணைப்புக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்பது பேர் கூப்பிட்டுத் திட்டுவார்கள். எண்பது பேருக்கும் ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வாள். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் ஆல்பம். பெயர் ‘ஒன்றை அழுத்தவும்’. தான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க ஒன்பது படத்தில் போக்குவரத்து விளக்கைத் தேடுகிற கிழவரைப் பற்றி ஒரு பாட்டு. வழி சொல்லும் குரலை நம்பிச் சுடுகாட்டுக்குள் காரை விட்ட மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பற்றி ஒன்று. மொத்தம் பதினொன்று.

பதினொன்றாவதைப் பாடி முடித்த அன்றைக்குத்தான் அவள் போனாள். மற்றவர்கள் வாசித்தது முன்பே பதிவாகியிருந்தது, அன்றைக்கு ஸ்டுடியோவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஸ்டுடியோவிலிருந்து இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். வயது இருபத்தொன்பது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதிவு நடக்கும் நாளில் எல்லோருடைய போனும் வெளியே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும் என்பது அவன் வைத்த சட்டம். போன் பக்கத்தில் இருந்தால் கிட்டாரில் ‘டிட்டிட்’ என்று இரைச்சல் ஏறும். டின்னுக்குள் போன் பதினாலு தடவை அடித்திருந்தது.

ஒரு மாதம் ஆனது. மற்ற பாட்டெல்லாம் ஏற்கெனவே கலந்து முடிந்திருந்தன. பதினொன்று மட்டும் பாக்கி. குழுவில் எல்லோரும், அவளுக்குச் செய்கிற மரியாதையாகவாவது முடித்துவிடலாம் என்றார்கள். அவன் சரி என்றான். ஸ்டுடியோவுக்குப் போனான். கோப்பைத் திறந்தான். அவள் குரல் திரையில் நீலமாக, மேடும் பள்ளமுமாக ஓடியது. ஓட்டுவதற்கு விரலை வைத்தான். விரல் அழுத்தவில்லை.

அப்புறம் அவன் செய்ததை அந்தத் தொழிலில் இருக்கிற வேறு எவனும் செய்திருக்க மாட்டான். ஸ்பீக்கரை அணைத்தான். ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பாட்டைக் கண்ணால் கலந்தான். மேடு எங்கே, பள்ளம் எங்கே, சத்தத்தை அளக்கும் முள் எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் பார்த்தான். சத்தம் குறைந்த இடங்களை மௌனம் என்று முடிவுகட்டித் தானாக வெட்டி, அந்த இடத்தை வெறுமையாக விடும் ஒரு மென்பொருள் இருக்கிறது. வழக்கமாக அதை ஓடவிட்டு, அது வெட்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டு, தப்பாக வெட்டியிருந்தால் ஒட்டவைப்பான். அன்றைக்கு ஓடவிட்டான், கேட்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டான்.

பாட்டு முடிந்து ஏழு வினாடி கழித்து அவள் ஏதோ பேசியிருக்கிறாள் என்பதே அவனுக்கு முதல் விமர்சனத்தைப் படித்துத்தான் தெரிந்தது.

“கேக்குதா? நான்—”

அவ்வளவுதான். அங்கே வெட்டு. கத்தரியால் நறுக்கினாற்போல.

அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆல்பத்தின் உச்சம் என்றார் ஒருவர். நாம் எல்லோரும் எதிர்முனையிடம் கேட்கும் ஒரே கேள்வி என்றார் இன்னொருவர். ‘நான்’ என்ற சொல்லோடு மனிதன் அணைந்துபோகிறான் என்று ஒருவர் தத்துவத்துக்கே போய்விட்டார். அந்தப் பாட்டில் இரண்டாம் சரணத்தில் அவள் குரல் லேசாக நடுங்கும். இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதக் குரலின் நடுக்கம் என்று அதற்கும் பாராட்டு. குழுவில் எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். “எப்படி மாமா தோணிச்சு உங்களுக்கு?” என்று அவள் தம்பி கண் கலங்கக் கேட்டான். அவன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அது ஐந்து மாதமாக வளர்ந்துகொண்டிருந்தது.

வருடத்தின் சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் பெயர் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அஞ்சரை ஒன்பதரை போட்டுவிட்டார்.

அஞ்சரை என்பது அவள் வைத்த பெயர். முப்பது வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறவர். யார் எதைப் பாடினாலும் பத்துக்கு ஐந்தரை போடுவார். இவர்களுடைய முதல் பாட்டுக்கும் அதுவே. “போனைத் திட்டும் பாட்டை போனிலேயே கேட்க வேண்டியிருக்கிறது. திட்டுவதிலாவது புதுமை இருந்திருக்கலாம்” என்று முடித்திருந்தார். அவள் அதைத் தாளில் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். “மனுஷன் கரெக்டாத்தான் சொல்றாரு, எரிச்சலா இருக்கு” என்றாள். ஒன்பதரை வந்த அன்று அவள் தம்பி கூப்பிட்டான்.

“செத்தா நாலு மார்க் ஏறும் போல, மாமா” என்றான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

இதெல்லாம் கூடத் தாங்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா கேட்டதுதான் தாங்கவில்லை.

மாமியாருக்குப் போனில் பாட்டை வைக்க மகன் சொல்லிக்கொடுத்திருந்தான். வைக்கத் தெரியும், தாண்டத் தெரியாது. முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும் தினமும் கேட்கிறாள்.

“எனக்கு உங்க பாட்டெல்லாம் புரியல மாப்பிள்ளை. ஒரே தடதடன்னு இருக்கு. கடைசில பேசறா பாருங்க, அது புரியுது. அதுக்குத்தான் முக்கா மணி நேரம் உக்காந்திருக்கேன்.”

“சரி அத்தை.”

“என்ன சொல்ல வந்தா?”

“அவ்வளவுதான் அத்தை. அப்படித்தான் முடியுது.”

“அவளா? வாயத் தொறந்தா முடிக்காம மூட மாட்டாளே. பாதில நிறுத்தற ஆளா அவ?”

அத்தை முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கீரையை ஆய்ந்துகொண்டே தனக்குத்தானே சொன்னாள்: “கேக்குதா கேக்குதான்னு கேக்கறா. யாராவது ஒருத்தர் ‘ம்’னு சொல்லியிருக்கலாம்.”

வெட்டாத மூலப்பதிவு இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் அன்றைய பதிவை அப்படியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுவது அவன் வழக்கம். அதைச் செய்யாமல் அவன் ஒருநாளும் ஸ்டுடியோவைப் பூட்டியதில்லை. அந்த டிஸ்க் மேசை இழுப்பறையில் வயர்களுக்கு அடியில் கிடந்தது. கிடக்கிறது என்று தினமும் தெரியும். எடுக்கவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனும் கணக்கற்ற தடவை முடித்துப் பார்த்துவிட்டான். நான் கிளம்பறேன். நான் கொஞ்சம் படுத்துக்கறேன். நான், எனக்கு ஒரு மாதிரி இருக்கு. இந்தக் கடைசி ஒன்று வந்ததும் நினைப்பை நிறுத்திக்கொள்வான்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அஞ்சரை ஸ்டுடியோவுக்கு வந்தார். பேட்டி. மாத இதழ் ஒன்றில் அட்டைப்படக் கட்டுரை.

ஸ்டுடியோ என்பது ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்து வைத்திருந்தான். ஒன்றில் பாடுவார்கள், ஒன்றில் அவன் உட்காருவான். நடுவில் கண்ணாடி கிடையாது, முழுச் சுவர். பாடுகிறவர் மைக்கில் “கேக்குதா?” என்பார். இவன் இங்கிருந்து “சொல்லு” என்பான். அஞ்சரை இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தார், மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார், போனில் பதிவை ஆன் செய்து மேசையில் வைத்தார். நரைத்த தாடி, தடித்த கண்ணாடி. நல்ல மனுஷன்தான்.

“தம்பி, நேரா விஷயத்துக்கு வர்றேன். அந்த வெட்டு. எப்ப முடிவு பண்ணீங்க?”

“பண்ணல சார்.”

“புரியல.”

“நான் அந்தப் பாட்டைக் கேக்கவே இல்ல. சத்தத்தை அணைச்சுட்டுக் கலந்தேன். அவ பேசினதே எனக்குத் தெரியாது. சாஃப்ட்வேர் வெட்டிடுச்சு. கவனக்குறைவு. வேற எவனாவது செஞ்சிருந்தா நான் வேலைய விட்டுத் தூக்கியிருப்பேன்.”

அஞ்சரை கையை நீட்டிப் போனை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார். கீழே அச்சு இயந்திரம் தடக் தடக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

“இதை நான் எழுதணுமா?”

“எழுதுங்க சார். மார்க்கையும் குறைச்சுக்குங்க.”

“குறைக்கிறதாவது!” என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பி, இப்பதான் அது முழுசாகுது. காதால கேக்கத் தாங்காம கண்ணால கலந்திருக்கீங்க. பொண்டாட்டி குரலை ஒரு மெஷின் கைல குடுத்துட்டு, நீயே பாத்துக்கன்னு எழுந்து போயிட்டீங்க. ஆல்பமே இதைப் பத்தித்தானே? இதை யாராலயாவது யோசிச்சுச் செய்ய முடியுமா?”

“நான் செஞ்சது தப்பு சார்.”

“கலைல தப்புன்னு ஒண்ணு தனியா இல்ல தம்பி.”

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். சொன்னதும் அதற்கும் ஒரு மார்க் போட்டுவிட்டார். அவர் மறுபடி போனை ஆன் செய்தார். கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது.

“மீதி எங்கயாவது இருக்கா?”

“இருக்கு.”

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேக்காதீங்க” என்றார் அஞ்சரை. மெதுவாக, அக்கறையோடு சொன்னார். “அப்படியே இருக்கட்டும். கேட்டுட்டா அது வெறும் பேச்சாப் போயிடும்.”

அவன் அவரைப் பார்த்தான். வெறும் பேச்சு. நாலு வருடம் அவளிடமிருந்து நாள் முழுக்கக் கிடைத்தது அதுதான். பால் தீர்ந்துபோச்சு, பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, உன் செருப்பு வாசல் நடுவுல கிடக்கு, யார் காலை உடைக்க? ஆறு மாதமாக அவனுக்கு இல்லாமல் போனதும் அதுதான். விமர்சனங்களில் அவள் எவ்வளவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றாவது அவள் பேசுகிற மாதிரி இல்லை.

“சார், நான் கொஞ்சம் வெளிய போகணும்” என்றான்.

“இன்னும் நாலு கேள்வி இருக்கு தம்பி.”

“நீங்களே எழுதிக்குங்க. நான் சொல்றதை விட நல்லா வரும்.”

நக்கலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எழுந்துகொண்டார். வாசலில் நின்று, “அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கே ஏழு போட்டிருக்கலாம்” என்றார். “நல்ல பாட்டுதான் அது. பழக்கதோஷத்துல அஞ்சரை போட்டுட்டேன்.” படியிறங்கிப் போனார்.

இழுப்பறையைத் திறந்து, வயர்களை விலக்கி, டிஸ்க்கை எடுத்தான். லேப்டாப்பையும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் பையில் வைத்தான்.

மாமியார் வீட்டில் மதியச் சமையல் முடிந்திருந்தது. மச்சான் இரவு வேலை முடிந்து வந்து கூடத்தில் குப்புறப் படுத்திருந்தான். அத்தை இவன் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“முட்டை இருக்கு அத்தை.”

“முட்டை இருக்காம்” என்று அவள் மகனைக் காலால் தட்டினாள். “எழுந்திரு. மாமா வந்திருக்காரு.”

சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்தான். மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். டிஸ்க்கைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“மொதல்ல ஒண்ணு சொல்லணும் அத்தை. போன வாரம் அவ்வளவுதான்னு சொன்னேன். பொய். அவ முழுசாத்தான் பேசியிருக்கா. நான்தான் வெட்டிட்டேன். தெரியாம. வேணும்னு செஞ்சதா எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன்.”

“டிரம்ஸ் பதிவு பண்ணின அன்னிக்கு நானும் சிம்பல்ல ரெண்டு தடவை தப்பா அடிச்சேன்” என்றான் மச்சான் யாரையும் பார்க்காமல். “அதையும் ஒருத்தன் புகழ்ந்திருக்கான்.”

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அவ பேசறப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பாத்ரூம்ல.”

“பாத்ரூம்லயா?”

“ஆமா அத்தை. பதிவை நிறுத்தாமயே எழுந்து போயிட்டேன். திரும்பி வந்தப்ப அந்த ரூம்ல யாரும் இல்ல. சொல்லாமக் கிளம்பிட்டாளேன்னு எனக்குக் கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு. அவளுக்கு நான் அடுத்த ரூம்லயே உக்காந்திருக்கேன்னு நினைப்பு.”

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

“மனுஷன் போகாம இருக்க முடியுமா” என்றாள் அத்தை. “போடுங்க.”

“நீங்க இன்னும் கேக்கலையா மாமா?” என்றான் மச்சான்.

“இல்ல.”

“உடம்பு முடியலன்னு எதுனா…”

“இருக்கலாம்.”

“இருந்தா?”

“இருந்தாலும் அவ சொன்னது” என்றாள் அத்தை. “போடுங்க மாப்பிள்ளை.”

கோப்பைத் திறந்தான். அதே நீலம், அதே மேடு பள்ளம். கடைசி மேட்டுக்கு அப்புறம் கோடு தட்டையாக ஓடியது. வெறும் கோடு என்று கண் சொன்னது. ஐந்து மாதத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னது. அந்த இடத்தின் சத்தத்தை நாலு மடங்கு கூட்டினான். கோடு புடைத்துக்கொண்டது. விரலை வைத்தான். அழுத்தினான்.

கிட்டாரின் கடைசி இழை தேய்ந்து நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு. தொண்டைச் செருமல். ஹெட்ஃபோனைத் தலையிலிருந்து இழுக்கும்போது முடி சிக்கி “ஸ்ஸ்” என்ற சத்தம். கீழே அச்சகம். வளையல் ஒன்று மைக் கம்பியில் பட்டு டிங் என்றது. அத்தை தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு வினாடி என்று எல்லோரும் எழுதிய மௌனத்தில் இத்தனை இருந்தது.

அப்புறம் அவள் பேசினாள். முதல் இரண்டு சொல் மைக்குக்குப் பக்கத்தில். மற்றதெல்லாம் எழுந்து, பையைத் தேடிக்கொண்டு, கதவைப் பார்த்து நடந்துகொண்டே.

“கேக்குதா? நான் ரெண்டாவது சரணத்துல பிசிறிட்டேன், நல்லாவே இல்ல. இது வேணாம், அழிச்சுடு. நாளைக்கு வந்து ஒழுங்காப் பாடிக் குடுக்கறேன். தம்பிக்கு மட்டும் போட்டுக் காட்டாத, வருஷம் பூரா ஓட்டுவான்.”